கலையாத புகை

அன்புள்ள அக்கா,
தங்கை கல்யாணத்தில் ஐயர் அருந்ததி காட்டினார். அதிலிருந்து வானத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். நம் பால்வழி கன்னிக் கொத்தில் இருக்கிறது என்று ஓரிடத்தில், லனியாகேயாவில் என்று இன்னோரிடத்தில். எது சரி? இவ்வளவு பெரிய அண்டத்தில் நாம் வெறும் தூசிதானா?
ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள தம்பி,

கன்னிக் கொத்தில் நாம் இல்லை. அது ஆயிரத்துக்கு மேற்பட்ட கேலக்ஸிகள், அதாவது பால்வழி போன்ற நட்சத்திரக் கூட்டங்கள், நெருக்கியடித்து நிற்கும் இடம், ஏறத்தாழ 5.4 கோடி ஒளியாண்டு தொலைவு. நம்முடையது சின்னக் குழு. அதில் பால்வழியும், 25 லட்சம் ஒளியாண்டு தள்ளியிருக்கும் ஆண்ட்ரோமிடாவும்தான் பெரியவை. நம் குழு, கன்னிக் கொத்து, இன்னும் சுமார் ஒரு லட்சம் கேலக்ஸிகள் சேர்ந்த பரப்புக்கு 2014இல் வைத்த பெயர் லனியாகேயா. ஆக, இரண்டாவதாகப் படித்ததே சரி. தூசிப் பேச்சை விடு, அதில் எனக்கு அக்கறை இல்லை.

ஐயர் அருந்ததி காட்டினாரே, நீ பார்த்தாயா? மண்டபக் கூரையைத்தானே பார்த்திருப்பாய்? நம் ஊரில் அருந்ததி வடக்கு அடிவானத்துக்கு மேல் 5 பாகைதான் ஏறும். கையை நீட்டினால் மூன்று விரல் உயரம். அதுவும் மே மாத முன்னிரவுகளில், குறுக்கே மலையோ மரமோ இல்லாவிட்டால். துருவ நட்சத்திரமோ இங்கே எழுவதே இல்லை. 1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் இங்கே கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த வானத்தைக் கூடவே கொண்டுவந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 160 வருஷம் தாண்டியும் நாம் தலையைத் தெற்கே திருப்பவில்லையே, அதுதான் எனக்குக் கோபம். படித்த பிள்ளை நீயும் திருப்பவில்லை!

தெற்கே இரண்டு மெகல்லன் மேகங்கள் இருக்கின்றன. மேகமல்ல, இரண்டும் தனித்தனி கேலக்ஸிகள்; நம் குழுவைச் சேர்ந்தவை, பால்வழிக்குத் துணை. பெரியது 1.6 லட்சம் ஒளியாண்டு, சின்னது 2 லட்சம். சென்னையில் பெரியதே 8 பாகைக்கு மேல் ஏறாது. நமக்கோ அவை மறைவதே இல்லை. நீ புத்தகத்தில் தேடிய குழுவை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்.

எங்கள் ஆயா, அதான் பாட்டி, கரும்புத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான பாரக்ஸில் பிறந்தவர். வெட்டுக்கு முன் கரும்பைக் கொளுத்துவார்கள். அந்தப் புகை விடிவதற்குள் கலைந்துவிடும். வானத்தில் இருக்கிற இந்த இரண்டையும் ஆயா ‘கலையாத புகை’ என்பார். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லி வாத்தியாரிடம் திட்டு வாங்கினேன். 1987 பிப்ரவரியில் பெரிய மேகத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது தெரிந்தது. 1604க்குப் பிறகு வெறும் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த முதல் சூப்பர்நோவா, அதாவது நட்சத்திரமே சிதறும் பெருவெடிப்பு, அது. டர்பன் சாட்ஸ்வொர்த் வீட்டுக் கொல்லையில் ஆயாவை நாற்காலியில் உட்கார்த்திக் காட்டினேன். அந்த வெளிச்சம் புறப்பட்டு ஒன்றரை லட்சம் வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றேன். ஆயாவுக்குக் கணக்கு முக்கியமில்லை. “நெருப்பில்லாம புகையுமாடி?” என்று கேட்டுவிட்டு, கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பரில், மழை விட்ட நிலாவில்லாத இரவாகப் பார்த்து, தங்கையையும் மாப்பிள்ளையையும் டிராகென்ஸ்பெர்க் மலையடிவாரத்துக்குக் கூட்டிப் போ. ஊர் விளக்கு இல்லாத இடமாக இருக்கட்டும். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிஷம் கொடு. அப்புறம் தெற்கே காட்டு. பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா