தண்ணீர்க் கறை இல்லை, ரேடியம் கருக்கிய தடம்

தாத்தாவின் 1950-கள் சுவிஸ் வாட்ச், டயலில் 4:40 காட்டுவது போல இரண்டு பழுப்புப் பட்டைகள், கடைக்காரர் தண்ணீர் இறங்கிவிட்டது, ரீ-டயல் செய்யலாம், அதாவது டயலுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கலாம் என்கிறார், அப்படித்தானே? தண்ணீர் முள்ளின் வடிவம் பார்த்துப் பரவாது, பெரும்பாலும் விளிம்பிலிருந்தோ சாவி கொடுக்கும் பக்கத்திலிருந்தோ கோணல்மாணலாகத்தான் உள்ளே வரும். முட்களை 4:40-க்குத் திருப்பிப் பாருங்கள். பட்டைகள் அச்சாக மறைந்தால் சந்தேகமே வேண்டாம், வாட்ச் பல வருடம் ஓடாமல் கிடந்தபோது இருட்டில் ஒளிர்வதற்காக முள்ளில் பூசிய ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள் அடியில் இருந்த வார்னிஷைக் கருக்கியிருக்கிறது.

இருட்டில் இப்போது ஒளிரவில்லையே என்று ஏமாந்துவிடாதீர்கள். செத்துப்போனது அதோடு கலந்த, ஒளி தரும் துத்தநாக சல்பைடு மட்டும்தான், ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 1600 ஆண்டுகள். கதிர்வீச்சு இன்னும் அப்படியே இருக்கிறது, அதனால் பின்மூடியை நீங்களாகத் திறக்க வேண்டாம், முள்ளைச் சுரண்டவே கூடாது, உதிரும் தூள் மூக்கிலோ வாயிலோ போவதுதான் பெரிய ஆபத்து. சர்வீஸுக்குக் கொடுத்தால் ரேடியம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பல பேர் பார்க்காமலே கையை வைத்துவிடுவார்கள்.

அப்புறம் அந்த ரீ-டயல், என்னைக் கேட்டால் வேண்டவே வேண்டாம். புதுப் பெயிண்ட் அடித்த டயலைச் சேகரிப்பவர்கள் பொதுவாகச் சீண்டுவதில்லை, இந்தத் தடத்தோடு அப்படியே இருந்தால் விரும்பி வாங்க ஆள் உண்டு.