பார்க்காத சோதனைக்குக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டையில் நச்சுத் தொழிற்கழிவுகளைச் சேகரித்துச் சுத்திகரிக்கும் நிறுவனம் ஒன்றில் வொர்க் பெர்மிட்டில் வேலை செய்கிறேன். வாராந்தரப் பாதுகாப்புச் சோதனைத் தாளில் கையெழுத்துப் போடுவது ஆறு மாதமாக என் பொறுப்பு. கண் கழுவும் குழாய், டிரம்கள், வாயு அளவி எல்லாவற்றையும் பார்த்ததாக டிக் போட வேண்டும். பார்ப்பதற்கு நேரம் தருவதில்லை. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் நான்கு வாரத் தாள்களையும் ஒன்றாக நீட்டுகிறார். என்னை வேலைக்குச் சேர்த்துவிட்ட எங்கள் ஊர் அண்ணனும், "போட்டுக் கொடுத்துவிடு, வம்பு வேண்டாம்" என்கிறார். ஏதாவது நடந்தால் நான் சிக்குவேனா? மறுத்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களா?

பதில்: சிக்கக்கூடும். அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு முதலில் பதில் எழுதுகிறேன்.

வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் பெரும் சுமை முதலாளியின் தலையில்தான் இருக்கிறது. கடமை தவறிய நிறுவனத்துக்கு முதல் முறையே ஐந்து லட்சம் சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். 48ஆம் பிரிவின்கீழ் இயக்குநர்களும் பதில் சொல்ல வேண்டும். ஆனால் தொழிலாளிக்கும் அந்தச் சட்டத்தில் கடமை உண்டு. தக்க காரணமின்றித் தெரிந்தே தன்னையோ மற்றவர்களையோ ஆபத்தில் தள்ளுபவர் 15ஆம் பிரிவின்கீழ் குற்றவாளி ஆகலாம். பொய்ப் பதிவுக்குப் பின்னால் ஏமாற்றும் நோக்கம் இருந்ததாக நிறுவப்பட்டால் தண்டனைச் சட்டத்தின் 477ஏ பிரிவும் வரலாம். அதற்குப் பத்தாண்டு வரை சிறை. உங்கள் நிலையில் உள்ள ஒருவர்மீது அது பாயும் என்று பயமுறுத்த வரவில்லை. விபத்துக்குப் பிறகு விசாரணை அதிகாரி முதலில் கையில் எடுப்பது அந்தத் தாளைத்தான் என்பதையும், மேற்பார்வையாளரின் வாய்ச்சொல் அதில் இருக்காது, உங்கள் கையெழுத்துதான் இருக்கும் என்பதையும் சொல்ல வந்தேன்.

கண் கழுவும் குழாயை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆலையில் அதன் தட்டை நானே கையால் அழுத்திப் பார்த்திருக்கிறேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு இருமுவதுபோல் இரண்டு முறை சத்தம் போட்டுவிட்டு டீ நிறத்தில் துருத் தண்ணீர் வந்தது. பக்கத்தில் தொங்கிய அட்டையில் ஒரு வாரம்கூட விடாமல் டிக். அமிலம் தெறித்த கண்ணைக் குறைந்தது பதினைந்து நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். அந்தக் குழாயை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு தடவியபடி வருபவர் உங்கள் அறைத்தோழராக இருக்கலாம். டிரம்களும் அப்படித்தான். அமிலக் கழிவு கசிந்து பக்கத்து டிரம்மில் உள்ள சயனைடு கழிவில் கலந்தால் எழும் வாயு சில நிமிடங்களில் ஆளைக் கொல்லும். இடத்தைப் பிரித்து வைத்திருக்கிறார்களா, லேபிள் இருக்கிறதா, அடியில் ஈரம் தெரிகிறதா என்று ஒருவர் நடந்து போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

2021 பிப்ரவரி 24 அன்று துவாஸ் அவென்யூ 11இல் நடந்த வெடிவிபத்தை உங்களுடன் வேலை செய்யும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். மூன்று பேர் இறந்தார்கள். அது கழிவு ஆலை அல்ல. ஆனால் அங்கு வெடித்த கலவை இயந்திரத்தில் அதே மாதத்தில் முன்பே தீப்பிடித்திருந்தது என்று விசாரணையில் தெரியவந்தது. எச்சரிக்கை கிடைத்த பிறகும் இயந்திரம் ஓடியது. இதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பார்க்காத வாரத்துக்கு டிக் போடாதீர்கள். "பார்க்க நேரம் கிடைக்கவில்லை" என்று எழுதி, கையெழுத்துப் போடும் நாளின் தேதியுடன் கையெழுத்துப் போடுங்கள். நீங்கள் பொய்ப் பதிவு செய்யவில்லை என்பதைக் காட்டும் வாக்கியம் அது. பழைய தாள்களைத் திருத்தவோ கிழிக்கவோ வேண்டாம். அது புதிய குற்றமாகிவிடும். அதிகாரி கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். தெரிந்தே பொய் சொல்வது தனிக் குற்றம். தீப்பற்றும் பொருள் இருக்கும் இடத்தில் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். அங்கு அதுவே ஆபத்து. நிறுவனத்தின் ஆவணங்களை வெளியே கொண்டு போவதும் ஃபேஸ்புக்கில் போடுவதும் வேண்டாம். சொந்தமாக ஒரு சிறு நோட்டு போதும்.

மேற்பார்வையாளரிடம் வாட்ஸ்அப்பில் மரியாதையாகக் கேளுங்கள்: "சோதனைக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தர முடியுமா?" பதில் வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் கேட்டதற்குச் சான்று இருக்கும். அப்படியும் மாறவில்லை என்றால் மனிதவள அமைச்சிடம் புகார் செய்யலாம். அமைச்சின் ஆய்வாளர்களுக்கு வேலையிடத்துக்குள் நுழையவும், வேலையை நிறுத்த உத்தரவிடவும் அதிகாரம் உண்டு. கழிவைச் சேமிக்கும் முறையில் தவறு என்றால், உரிமம் தரும் தேசியச் சுற்றுப்புற வாரியத்திடமும் சொல்லலாம்.

இப்போது உங்களைத் தூங்கவிடாத கேள்வி. பாதுகாப்புப் பற்றி அதிகாரிகளிடம் புகார் செய்ததற்காகவோ ஆய்வுக்கு உதவியதற்காகவோ ஒருவரை வேலையைவிட்டு நீக்குவதும், நீக்குவதாக மிரட்டுவதும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி குற்றம். முதலாளிக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கவனியுங்கள்: அதிகாரிகளிடம் போனவருக்கே அந்தப் பிரிவு தெளிவாகத் துணை நிற்கிறது. மேற்பார்வையாளரிடம் மட்டும் முணுமுணுத்தவருக்கு அந்த அளவுக்குப் பிடிமானம் இல்லை. சட்டம் இருந்தும் சிலர் விமானம் ஏற்றப்பட்டிருக்கிறார்கள் என்பதை மறைக்க மாட்டேன். அப்படி நடந்தால் கடைசி வேலைநாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், டாடம் என்று எல்லோரும் அழைக்கும் முத்தரப்புச் சமரச அமைப்பில் தவறான பணிநீக்கம் என்று கோரிக்கை கொடுத்துவிட வேண்டும். அங்கு தீராவிட்டால் வேலை நியமனக் கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அங்கே வழக்கறிஞருக்கு இடமில்லை, உங்களுக்காக நீங்களே பேசுவீர்கள். அந்த நாளில் உங்கள் நோட்டு கைகொடுக்கும். அதற்கு முன் படித்துப் புரியாத எந்தத் தாளிலும், "எனக்கு வர வேண்டியது எதுவும் இல்லை" என்ற தாளிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

ஊர் அண்ணனிடம் கோபப்பட வேண்டாம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உங்களுக்கு வேலை நிலைக்க வேண்டுமே என்றுதான் சொல்கிறார். அவரையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய் அந்தக் குழாயின் தட்டை அழுத்தச் சொல்லுங்கள். என்ன நிறத்தில் தண்ணீர் வந்தது, எத்தனை மணிக்கு, யார் உடன் இருந்தார்கள் என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.