கழுத்தில் எரியும் சவரம் – கடிதம்

வணக்கம்.

எனக்கு வயது இருபத்தேழு. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலை. தினமும் மழித்த முகத்தோடுதான் போக வேண்டும். இரண்டு வருடம் ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜில் ஷேவ் செய்தேன். தாடைக்குக் கீழே பொரிப்பொரியாகக் கிளம்பியதால், மூன்று மாதம் முன்பு பழைய மாதிரி ஒற்றை பிளேடு போடும் ரேசருக்கு மாறினேன். எரிச்சல் கூடித்தான் போனது. டப்பா ஃபோம் தடவி மேலிருந்து கீழாக இரண்டு முறை, கடைசியில் கீழிருந்து மேலாக ஒரு முறை இழுக்கிறேன். முடித்ததும் ஆஃப்டர் ஷேவ். வீட்டில் போர் தண்ணீர். மெடிக்கல் ஷாப்பில் ஒரு கிரீம் கொடுத்தார்கள். போட்டால் மூன்று நாளில் அடங்குகிறது, விட்டால் முன்னைவிடச் சிவக்கிறது. பிளேடை மாற்ற வேண்டுமா? படிகாரம் போடலாமா?

கா. மு.

அன்புள்ள கா. மு.,

பிளேடு, படிகாரம் எல்லாம் பிறகு. முதலில் அந்தக் கிரீம். போட்டால் அடங்கி, விட்டால் முன்னைவிடச் சிவப்பது ஸ்டீராய்டு கிரீம்களின் குணம். டியூபின் மேல் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். வாரக்கணக்கில் முகத்தில் போட்டால் தோல் மெலியும், ரத்தக்குழாய்கள் வெளியே தெரியும், பருக்கள் கிளம்பும். மெலிந்த தோலில் எவ்வளவு நல்ல கத்தியும் காயம்தான் செய்யும். டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். வட்டமாகப் படர்ந்து அரிக்கிறது என்றால் அது படர்தாமரையாகவும் இருக்கலாம், ஸ்டீராய்டு அதை உள்ளுக்குள் வளர்த்துவிடும்.

உங்களுக்கு இருப்பது ஒரே தொல்லை அல்ல, இரண்டு என்று படுகிறது. மழித்த சில நிமிடங்களில் சிவந்து எரிந்து, ஓரிரு நாளில் தணிவது கத்தி எரிச்சல். தோலின் மேல்படலத்தை பிளேடு சுரண்டியதால் வருவது. ஓரிரு நாள் கழித்து முளைக்கும் பொரி வேறு. வெட்டுப்பட்ட முடியின் கூர்முனை வளைந்து தோலுக்குள்ளேயே குத்துகிறது, உடம்பு அதை முள் தைத்ததுபோல எதிர்க்கிறது. சுருட்டை முடிக்காரர்களுக்கு இது அதிகம். பல பிளேடு ரேசரில் முதல் பிளேடு முடியை இழுக்க, அது உள்வாங்குவதற்குள் அடுத்தது வெட்டுவதால், முனை தோல்மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. உங்கள் பழைய பொரி அப்படி வந்திருக்கும். புதிய எரிச்சலுக்குக் காரணம், கார்ட்ரிட்ஜை அழுத்திப் பழகிய கை. அதில் அழுத்தம் ஐந்து பிளேடுகளுக்கும் பிரிந்துபோகும், தலையும் வளைந்து கொடுக்கும். ஒற்றை பிளேடில் அதே அழுத்தம் நேராகத் தோலில் இறங்குகிறது.

அடுத்தது கழுத்து. மேலிருந்து கீழே இழுத்தால் முடியின் வாக்கில் போகிறோம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கன்னத்தில் சரி. கழுத்தில் பலருக்கு முடி காதுப்பக்கமாகச் சாயும், தொண்டைக்குழியை ஒட்டி மேல்நோக்கியே முளைக்கும். உங்களுக்கும் அப்படியென்றால், பாதுகாப்பு என்று நினைத்த முதல் இழுப்பே அங்கே எதிர்வாக்கு. இரண்டு நாள் தாடியை விட்டு, விரல்நுனியால் எல்லாப் பக்கமும் தடவிப் பாருங்கள். வழவழப்பாகப் போகும் திசை வாக்கு, சொரசொரப்பது எதிர். கழுத்தின் படத்தை ஒரு தாளில் வரைந்து அம்புக்குறி போட்டுக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் கைக்கு மனப்பாடமாகிவிடும்.

ஒரே இடத்தில் பிளேடு எத்தனை முறை போகிறது என்பதில்தான் எரிச்சலின் பெரும்பகுதி இருக்கிறது. பொரி இல்லையென்றால், அடுத்த நான்கு வாரம் கழுத்தில் வாக்கில் ஒரே ஒரு முறை, கன்னத்தில் வாக்கில் ஒன்று, மறுபடி நுரை போட்டுக் குறுக்கே ஒன்று. எதிர்வாக்கு வேண்டவே வேண்டாம். லேசாகச் சொரசொரக்கும், இருக்கட்டும். மேற்பார்வையாளரின் கழுத்தை யாரும் தடவிப் பார்க்கப்போவதில்லை. நுரை போன இடத்தில் விட்டுப்போன நாலு முடிக்காக வெறும் தோலில் மறுபடி இழுப்பதுதான் மிகக் கெட்ட பழக்கம். தோலை விரலால் இறுக்கி இழுத்துப் பிடிப்பதும் கூடாது. விட்டதும் முடி உள்ளே போய்விடும்.

தண்ணீர் விஷயத்தை யாரும் கவனிப்பதில்லை. போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்துவிடும். நுரை நிற்காது, வழுக்காது, தோலில் பிசுக்கு தங்கும். நுரை கட்ட மட்டும் ஒரு தம்ளர் கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ போதும். டப்பா ஃபோமில் பாதிக்குமேல் காற்று, அதை விட்டுவிடுங்கள். வெதுவெதுப்பான நீரில் பிரஷை நனைத்து உதறி, பாதாம் பருப்பளவு ஷேவிங் கிரீமில் சுழற்றி, சொட்டுச் சொட்டாக நீர் சேருங்கள். குமிழி தெரியாமல் கட்டித்தயிர் போலப் பளபளக்க வேண்டும். குளித்த கையோடு ஷேவ் செய்யுங்கள். இரண்டு மூன்று நிமிடம் வெந்நீரில் ஊறிய முடி, காய்ந்த முடியைவிட மிக எளிதாக வெட்டுப்படும்.

ரேசரின் மேல்மூடியைக் கன்னத்தில் படுக்கவைத்து, கைப்பிடியை மெல்லக் கீழிறக்கினால் பிளேடு முடியைத் தொடும் சத்தம் கேட்கும். ஏறக்குறைய 30 டிகிரி. அதே சாய்வில், ரேசரின் சொந்த எடையில், இரண்டு மூன்று சென்டிமீட்டர் இழுப்புகளாகப் போங்கள். கைப்பிடியின் அடிநுனியைப் பிடித்தால் அழுத்த வராது. பிளேடு மாட்டித் திருகியபின் இரு பக்கமும் விளிம்பு ஒரே அளவில் வெளியே தெரிகிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் துருத்தினால் அந்தப் பக்கம் மட்டும் கடிக்கும்.

பிளேடைப் பற்றிக் கேட்டீர்கள். மற்றதெல்லாம் சரியாகும்வரை பிராண்டை மாற்ற வேண்டாம், மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. ஆனால் நான்கைந்து ஷேவுக்கு மேல் ஒன்றை வைத்திருக்காதீர்கள். எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான முடி பிளேடை எப்படி மழுங்க வைக்கிறது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். முடி வளைந்து மோதும் கோணத்தில், எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடங்களில் விளிம்பு சில்லுச்சில்லாகப் பெயர்கிறதாம். அந்தச் சேதம் வெறும் கண்ணுக்குத் தெரியாது, முடியைப் பிடித்து இழுக்கும்போதுதான் தெரியும். பிளேடைத் துண்டில் துடைக்காதீர்கள். அலசி உதறி வையுங்கள்.

படிகாரம் போடலாம். சீனக்காரம் என்றும் சொல்வார்கள். குளிர்ந்த நீரில் முகம் கழுவி, நனைத்த கல்லை லேசாக ஓட்டி, ஒரு நிமிடம் விட்டுக் கழுவுங்கள். எந்த இடத்தில் சுரீர் என்கிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள். அந்தத் தகவலுக்காகவே அதை வைத்துக்கொள்ளலாம். கல் உங்களுக்கு மட்டுமானதாக இருக்கட்டும். பிறகு வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர். ஆல்கஹால் கலந்த ஆஃப்டர் ஷேவ் புண்ணில் எரியும், தோலையும் உலர்த்தும். எலுமிச்சை வேண்டவே வேண்டாம், வெயில் பட்டால் கறுக்கும். சோற்றுக்கற்றாழை போடுவதானால் வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுக்க வடியவிட்டுக் கழுவிய சதையை மட்டும்.

பொரி இருக்கும்போது பிளேடு படாமலிருப்பதே வைத்தியம். மூன்று நான்கு வாரம் டிரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். தொழிற்சாலையில் ஆட்சேபித்தால் மருத்துவரிடம் ஒரு சீட்டு வாங்கிக் கொடுங்கள். உள்வளர்ந்த முடியைப் பிடுங்காதீர்கள், அடுத்தது தோலுக்கடியிலேயே முளைக்கும். நம் நிறத்தில் ஒவ்வொரு பொரியும் கறுப்புத் தழும்பை விட்டுப்போகும். அது மறைய மாதங்கள் ஆகும், காலையில் கழுத்துக்கும் சேர்த்து சன்ஸ்கிரீன் போட்டால் கொஞ்சம் சீக்கிரம். இவ்வளவுக்கும் பிறகும் பொரி திரும்பத் திரும்ப வந்தால், லேசர் முடிக்குறைப்பு பற்றி அதே மருத்துவரிடம் கேளுங்கள். தினமும் மழித்தே ஆகவேண்டிய வேலையில் இருப்பவருக்கு அது ஆடம்பரம் இல்லை.