1969 குடியரசுத் தலைவர் தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளர் சஞ்சீவ ரெட்டியைக் கைவிட்டு, பிரதமர் இந்திரா காந்தி வி.வி.கிரிக்கு வழிவிட்டது பதவி ஆசையா, கடமையா?

பட்டிமன்றத் தலைப்பு மாதிரி கேட்டிருக்கிறீர்கள். ஒரு பக்கம் நின்று பேசினால் கைதட்டல் கிடைக்கும், கணக்கு புரியாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜூலை 12 அன்று பெங்களூருவில் கட்சியின் ஆட்சிமன்றக் குழு கூடியபோது ரெட்டி வேண்டாம் என்று வாதாட இந்திராவுக்கு முழு உரிமை இருந்தது. ஜெகஜீவன் ராம் பெயரை முன்வைத்தார், பெரும்பான்மை கிடைக்கவில்லை. காமராஜர், மொரார்ஜி தேசாய், எஸ்.கே.பாட்டீல் மட்டுமல்ல, சவாணும் ரெட்டி பக்கம் போய்விட்டார். அதன்பிறகு ரெட்டியின் வேட்புமனுவில் முன்மொழிபவராக இந்திராவே கையெழுத்துப் போட்டார். சறுக்கல் அங்கேதான். பிடிக்காத வேட்பாளர் என்றால் கையெழுத்துப் போடாமல் வெளியே வந்திருக்கலாம். போட்டுவிட்டு, வாக்குப்பதிவு நெருங்கும்போது 'மனசாட்சிப்படி வாக்களியுங்கள்' என்றதைக் கடமைக் கணக்கில் நான் எழுத மாட்டேன்.

இந்திரா ஆதரவாளர்கள் சண்டைக்கு வருவதற்குள் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ரெட்டியை முன்னிறுத்திய மூத்த காங்கிரஸ் தலைவர்கள் குழுவான சிண்டிகேட்காரர்களும் துறவிகள் இல்லை. மே 3 அன்று குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே இறந்தார். துணைக் குடியரசுத் தலைவர் கிரி பொறுப்பு வகித்தார். துணை பதவியில் இருப்பவரை மேலே கொண்டுபோகும் வழக்கம் அதற்கு முன் இரண்டு முறை நடந்தது, ராதாகிருஷ்ணனும் ஜாகிர் உசேனும் அப்படித்தான் வந்தார்கள். கிரியைத் தாண்டி ரெட்டியைக் கொண்டுவந்ததே பிரதமருக்குக் கடிவாளம் போடத்தான் என்று இந்திரா தரப்பு நம்பியது. அதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது.

பிறகு வேகம் பிடித்தது. ஜூலை 16, மொரார்ஜியிடமிருந்து நிதித்துறை பறிப்பு. 19, 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டம். கையெழுத்திட்டவர் கிரி, மறுநாளே பதவி விலகி சுயேச்சையாகக் களத்தில் நின்றார்.

இப்போது கணக்கு. எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு மதிப்பு என்பது மாநில மக்கள்தொகையைச் சட்டமன்ற இடங்களால் வகுத்து, மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால் வருவது. 1961 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்கு 144, எம்.பி.க்கு 576. அதாவது ஒரு எம்.பி., நம்மூர் எம்.எல்.ஏ. நால்வருக்குச் சமம். செல்லுபடியான மொத்த வாக்கு மதிப்பு 8,36,337. ஜெயிக்கப் பாதியைத் தாண்ட வேண்டும், 4,18,169.

முதல் விருப்ப வாக்கில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் ஆதரித்த சி.டி.தேஷ்முக் 1,12,769. யாரும் கோட்டைத் தொடவில்லை. கடைசியில் இருப்பவரை ஒவ்வொருவராக நீக்கி, அந்தச் சீட்டுகளில் அடுத்த விருப்பம் யாருக்கு என்று பார்த்துச் சேர்த்தார்கள். முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. அப்படி வந்து சேர்ந்ததில் கிரிக்கு 18,562தான், ரெட்டிக்கு 91,879!

இங்கே ஒரு ஆதங்கம். தேர்வு வழிகாட்டிப் புத்தகங்கள் இந்தக் கடைசி இரண்டு எண்களை மட்டும் அச்சடித்துவிட்டு 'நூலிழை வெற்றி' என்று முடித்துவிடுகின்றன. முதல் சுற்றில் ரெட்டி 87,967 பின்தங்கியிருந்தார் என்பது படிக்கிற பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. தேஷ்முக்கின் இரண்டாம் விருப்பம்தான் அவரைத் தூக்கிவிட்டது. ஆனால் அதே இரண்டாம் விருப்பத்துக்காகக் கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா சுதந்திரா, ஜனசங்கத் தலைவர்களிடம் போய்ப் பேசியதுதான் இந்திரா தரப்புக்கு ஆயுதமானது. 'வலதுசாரிகளோடு கைகோர்த்துவிட்டார்கள்' என்ற ஒரே வரியில் கடமை என்ற சொல் கைமாறிவிட்டது. வாக்கு தேடப் போனதே வாக்கைக் கெடுத்தது என்பது என் கணிப்பு.

கிரி கோட்டைத் தாண்டியது 1,908இல். எம்.பி. கணக்கில் மூன்றேகால் பேர். கிரியை ஆதரித்த திமுகவிடம் அப்போது மக்களவையில் மட்டும் 25 பேர், அதுவே 14,400. காமராஜர் தேர்ந்தெடுத்த வேட்பாளரின் தோல்வியில் சென்னைக்கு இவ்வளவு பங்கு உண்டு, யாரும் பேசுவதில்லை.

இன்னாருக்குத்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி உறுப்பினர்களுக்குக் கொறடா உத்தரவு போட்டிருக்கலாமே என்றும் கேட்டிருந்தீர்கள். ரெட்டிக்கு ஆதரவாக உத்தரவு பிறப்பிக்கும்படி நிஜலிங்கப்பா கேட்டார், நாடாளுமன்றக் கட்சித் தலைவரான இந்திரா மறுத்தார். அப்போது கட்சித் தாவல் தடைச் சட்டமே இல்லை, அது வந்தது 1985இல். வந்த பிறகும் குடியரசுத் தலைவர் தேர்தலை அது தொடவில்லை. வாக்கு ரகசியம், கொறடா உத்தரவு கூடாது. நிஜலிங்கப்பா கேட்டதை இன்று ஒரு கட்சித் தலைவர் கேட்டாலும் கிடைக்காது.