வெண்ணெய் பிஸ்கட் பஞ்சு மாதிரி உப்பி வர சோடாவை இன்னும் கொஞ்சம் கூட்டலாமா?

கூட்டாதீர்கள். பதில் அவ்வளவுதான். இதற்கு மேல் வருவது என் சொந்தக் கதை, அவசரமாக இருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்பது பாக்கெட்டில் வரும் மொறுமொறு பிஸ்கட் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் காலை நேரத்தில் சுடச்சுடப் பிளந்து வெண்ணெய் தடவிச் சாப்பிடுகிறார்களே, அந்த வகை. மேலே பொன்னிறம், உள்ளே ஏடு ஏடாகப் பிரியும். நீங்கள் முதலில் அரை டீஸ்பூன் சோடா போட்டிருப்பீர்கள், தட்டையாக வந்திருக்கும். அடுத்த முறை ஒரு டீஸ்பூன், அதுவும் தட்டை. இப்போது கை மறுபடி சோடா டப்பா பக்கம் போகிறது. அந்தக் கையைப் பிடித்து நிறுத்தத்தான் வந்தேன்.

நான் பேக்கரி நடத்துபவன் இல்லை, சமையல் படித்தவனும் இல்லை. "இவன் யார் சொல்ல?" என்று கேட்பவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். சோடா விஷயத்தில் நான் பட்ட அவமானத்தைப் பட்டவர்கள் இங்கே அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

சில வருடங்களுக்கு முன் நண்பன் ஒருவன் போனில் ஒரு செய்முறை சொன்னான். "நாலே சாமான்டா. ரெடிமேட் பிஸ்கட் மாவு ரெண்டு கப், சவர் கிரீம், அதான் புளிச்ச கிரீம், அரை கப், சோடா அரை கப். கால் கப் வெண்ணெயை உருக்கித் தட்டுல ஊத்தி, மேல அடுக்கி ஓவன்ல வை. பஞ்சு பஞ்சா வரும்." சொல்லும்போதே அந்தப் பக்கம் தன் பையனை ஏதோ அதட்டிக்கொண்டிருந்தான். நான் ஒரு பழைய தபால் உறையின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். "சோடா 1/2 கப்" என்றுதான் எழுதினேன். அந்த உறை இன்னும் என்னிடம் இருக்கிறது, வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறேன்.

"அரை கப் சோடா உப்பை எவனாவது போடுவானா?" என்று கேட்கப்போகிறீர்கள். போடவில்லை. நான் அவ்வளவு முட்டாள் இல்லை. ஸ்பூன் என்று சொல்ல வந்தவன் குழந்தையைத் திட்டிய வேகத்தில் கப் என்று உளறிவிட்டான் என்று நினைத்தேன். ஆனாலும் கப் என்று வாயில் வருகிற அளவுக்கு என்றால் அரை ஸ்பூன் குறைச்சலாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். கடைசியில் பெருந்தன்மையாக எல்லாவற்றையும் வெட்டிக் குறைத்து மூன்று டீஸ்பூன் போட்டேன். அன்றைக்கு அது எனக்கு ரொம்ப நிதானமான முடிவாகப் பட்டது. மாவு சேராமல் உதிர்ந்தது. அப்போதாவது ஒரு மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. கொஞ்சம் பால் ஊற்றிச் சேர்த்தேன்.

ஓவனிலிருந்து எடுத்தபோது பார்க்க வேண்டுமே! இன்றுவரை அப்படி ஒரு நிறம் எனக்கு வந்ததில்லை. அடர்ந்த தங்கப் பழுப்பு, வீடு முழுக்க வெண்ணெய் மணம். அன்றைக்கு மாமியார், மச்சான், அவர் மகள் எல்லோரும் வந்திருந்தார்கள். நான் ருசி பார்க்காமலே தட்டை நடுவில் கொண்டுபோய் வைத்தேன். ருசி பார்க்காமல் வைத்தது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

முதலில் கடித்தது குழந்தைதான். "மாமா, வாய் நுரைக்குது" என்றாள். மச்சான் ஒரு வாய் கடித்தார், மெதுவாக மென்றார், மீதியைக் கையில் புரட்டிப் பார்த்தார். "மாப்ளே, இது திங்கவா, கை கழுவவா?" மாமியார் மட்டும் மரியாதைக்கு ஒரு முழு பிஸ்கட்டைத் தின்று முடித்து, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை, கொஞ்சம் உப்பு தூக்கலா இருக்கு, அவ்வளவுதான்" என்றார். மச்சான் அடித்த கிண்டலை என்றோ மறந்திருப்பேன். அந்த இரண்டு டம்ளர் தண்ணீரைத்தான் மறக்க முடியவில்லை.

மறுநாள் நண்பனைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். "டேய், குடிக்கிற சோடாடா! செவன் அப்!"

அப்படி ஒரு செய்முறை நிஜமாகவே இருக்கிறது. அமெரிக்க வீடுகளில் செவன் அப் பிஸ்கட் என்றால் தெரியும். 1931இல் கடைக்கு வந்த பிஸ்குவிக் என்ற ரெடிமேட் மாவில் செய்வது. அந்த மாவிலேயே சோடாவும் அதற்கு வேண்டிய அமிலமும் கலந்திருக்கும். உப்ப வைக்கிற வேலையில் பெரும்பகுதி அதனுடையது. எலுமிச்சை சோடா ஊற்றுவது மாவைப் பிசைய வேண்டிய ஈரத்துக்கு. கூடவே அதன் இனிப்பு நிறத்தைக் கூட்டும், குமிழி கொஞ்சம் கைகொடுக்கும். உருக்கிய வெண்ணெயில் அடிப்பக்கம் பொரிந்த மாதிரி ஆகிவிடும். நான் அந்தக் குளிர்பானத்தை விட்டுவிட்டு, ஏற்கெனவே சோடா இருந்த மாவில் இன்னும் மூன்று டீஸ்பூன் சோடாவைக் கொட்டியிருக்கிறேன். நம் பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதற்கு நான் என்ன செய்வது? செய்முறை சொல்பவர்கள் "சோடா உப்பு" என்றோ "குடிக்கிற சோடா" என்றோ முழுதாகச் சொன்னால் என்ன குறைந்துபோகும்?

சரி, உங்கள் பிஸ்கட்டுக்கு வருகிறேன். மாவில் என்ன ஊற்றினீர்கள்? வெறும் பால் என்றால், சிக்கல் அங்கேதான். சோடா உப்புக்கு ஒரு புளிப்பு வேண்டும். மோர், தயிர், எலுமிச்சைச் சாறு, வினிகர் என்று ஏதாவது ஒன்று சேர்ந்தால்தான் அது கையிலிருக்கும் வாயுவை முழுதாக விடும். புளிப்பே இல்லாமல் ஓவன் சூட்டை மட்டும் நம்பினால் பாதி வாயுதான் வரும். மீதி சோடியம் கார்பனேட்டாக மாறி பிஸ்கட்டுக்குள்ளேயே தங்கிவிடும். சோடியம் கார்பனேட் என்றால் துணிக்குப் போடும் சலவை சோடா. மச்சான் சொன்னது வேதியியல்படி சரிதான் என்று தெரிந்த அன்று எனக்கு இன்னும் வயிறு எரிந்தது. அந்த அழகான நிறத்துக்கும் இதுவே காரணம். சோடாவின் காரத்தன்மை ஏறிய மாவு சூட்டில் சீக்கிரம் பழுப்பாகும். அதனால் நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கணக்கு என்று பார்த்தால், ஒரு கப் கெட்டி மோரின் புளிப்பை அடக்க அரை டீஸ்பூன் சோடா போதும். அதற்கு மேல் போடுவதெல்லாம் வாயில்தான் தெரியும், உயரத்தில் தெரியாது. வாயு ஒரேயடியாகக் கிளம்பினால் மாவு உப்பி, வேகும் முன்னே உட்கார்ந்தும் விடும். புளிப்பை மீறி உயரம் வேண்டுமென்றால் பேக்கிங் பவுடர் சேருங்கள். அதுவும் சோடாதான், தன் அமிலத்தைத் தானே கொண்டு வருகிறது, அதனால் வாயில் நுரைக்காது.

இப்போது நான் போடும் அளவு இது: மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டு டீஸ்பூன், சோடா உப்பு கால் டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், ஃபிரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த வெண்ணெய் 85 கிராம், கெட்டி மோர் 180 மில்லி. தண்ணீராகக் கடைந்த மோர் சரிப்படாது, தயிரில் பாலைக் கலந்து ஊற்றும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். தயிரும் இல்லையென்றால் பாலில் இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் வையுங்கள், திரிந்து கெட்டியாகும். "பேக்கிங் பவுடர் எதற்கு, சோடாவும் மோரும் போதாதா?" என்று ஒருவர் வருவார். போதும், வரும், ஆனால் உயரம் கம்மி. சோடா, பவுடர் எதுவும் இல்லாமல் மாவை அரை மணிக்கும் மேலாகக் கட்டையால் அடித்துச் செய்த பிஸ்கட்கூட அதே தென் மாநிலங்களில் இருந்திருக்கிறது. கையில் தெம்பு இருப்பவர்கள் அடிக்கலாம்.

நாம் எல்லோரும் சோடா டப்பாவையே முறைத்துக்கொண்டிருக்கிறோம், ஆனால் ஏடு ஏடாகப் பிரிவது வெண்ணெயின் வேலை. வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர். மாவுக்குள் சில்லென்று துண்டு துண்டாகக் கிடக்கும் வெண்ணெய் ஓவனுக்குள் போனதும் அந்தத் தண்ணீர் ஆவியாகி அடுக்குகளைத் தூக்கும். சமையலறைச் சூட்டில் முன்பே உருகி மாவோடு கலந்துவிட்டால் தூக்க ஆளில்லை. அதனால் வெண்ணெயைத் துருவியோ பட்டாணி அளவு துண்டுகளாகவோ போட்டு, விரல் நுனியால் மட்டும் தொடுங்கள், உள்ளங்கை வேண்டாம், சூடு அதிகம். கை வெதுவெதுப்பாக உணர்ந்தால் கிண்ணத்தோடு பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் தள்ளுங்கள்.

மோர் ஊற்றியபின் சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசைந்தீர்களானால் நான் எழுதியது அத்தனையும் வீண். பிசையப் பிசைய மாவின் புரதம் ரப்பராகும். மேலே கொஞ்சம் பொடியாகத் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். பலகையில் கொட்டி, ஒன்றாக ஒதுக்கி, கையால் தட்டி, கடிதம் மடிப்பது போல மூன்றாக மடியுங்கள். இப்படி மூன்று தடவை. கடைசியில் விரல் அகல கனத்துக்குத் தட்டி, வட்டமாக வெட்டுங்கள். வெட்டும்போது அச்சைத் திருகாமல் நேராக அழுத்தி நேராகத் தூக்க வேண்டும். திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு அந்தப் பக்கம் எழும்பாது. எனக்குப் பல நாள் ஒரு பக்கம் சாய்ந்தே வந்தது, ஓவன் சரியில்லை என்று ஓவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். தட்டில் ஒன்றோடொன்று உரசும்படி நெருக்கி வையுங்கள், ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு மேலே போகும். ஓவன் 220 டிகிரி செல்சியஸ், நன்றாகச் சூடேறிய பிறகு உள்ளே. 12 முதல் 15 நிமிடம். நடுவில் திறந்து பார்க்காதீர்கள்.

உங்கள் சோடா பழசாக இருக்கவும் வாய்ப்புண்டு. ஒரு சிட்டிகையை வினிகரில் போடுங்கள், பொங்கினால் நல்லது. பேக்கிங் பவுடருக்கு வெந்நீர் போதும்.

நான் கிராம் கணக்கில் சொல்வது சிலருக்கு எரிச்சலாக இருக்கும். "எங்கள் வீட்டில் எல்லாம் கண்ணளவுதான்" என்பார்கள். உங்கள் கண் நல்ல கண்ணாக இருக்கலாம், என் கண் மூன்று டீஸ்பூன் போட்ட கண். ஒரே கப்பில் மாவை அழுத்தி அள்ளினால் ஒரு எடை, தூவி நிரப்பினால் வேறு எடை. அதற்காகத்தான் ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கினேன். அந்தத் தராசு இப்போது என்னிடம் இல்லை. ஏதோ பார்சல் அனுப்ப வேண்டும், எடை போட்டுவிட்டு நாளைக்கே தருகிறேன் என்று மச்சான் வாங்கிக்கொண்டு போனார். இரண்டு வருடம் ஆகிறது. கேட்டால், "பேட்டரி போயிடுச்சு மாப்ளே, போட்டுக் கொண்டாரேன்" என்கிறார். ஒரு பேட்டரி போட இரண்டு வருடமா? மனைவியிடம் சொன்னால், "ஒரு தராசுக்காகவா என் அண்ணனை இப்படிப் பேசுறீங்க?" என்கிறாள். பிரச்சினை தராசு இல்லை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே "மாப்ளே, சோப்பு இருக்கா?" என்று கேட்கிறாரே, அந்த மனிதரிடம் என் தராசு இருப்பதுதான் பிரச்சினை.

பி.கு.: தராசு இல்லாதவர்களுக்கு (நானும்தான்), மாவைக் கரண்டியால் தூவி நிரப்பிக் கத்தி முதுகால் மேலே வழித்துவிட்டால் இரண்டு கப் கிட்டத்தட்ட 250 கிராம் வரும். வெண்ணெய் ஆறு டேபிள்ஸ்பூன். சோடா கால் டீஸ்பூன், அதுவும் தலை தட்டி. முதல் பிஸ்கட்டை நீங்களே கடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் தட்டை வெளியே கொண்டுபோங்கள்.