கூத்தே ஆய்வாகுமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, செஞ்சிப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். மலேசியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது, தோட்டத்து மக்களோடு சேர்ந்து ஒரு கூத்து கட்டி அதையே ஆய்வாகக் கொடுக்கப் போகிறேன், இதை நிஜமாகவே ஆய்வு என்று ஏற்றுக்கொள்வார்களா, இல்லை கடைசியில் தடிப் புத்தகம் எழுது என்று சொல்லிவிடுவார்களா, அங்கே வாழ்க்கை எப்படி என்று கேட்கிறீர்கள். நான் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்தவள். கல்யாணமாகி மலேசியாவில் தஞ்சோங் மாலிம் என்ற பட்டணத்துக்கு வந்து இங்கேயே நிலைத்துவிட்டேன். படைப்பு வழியாகச் செய்யும் இதே மாதிரி முனைவர் பட்டம் முடித்திருக்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றுக்கொள்வார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் கூத்து பிரமாதமாக இருந்தது என்பதற்காக யாரும் பட்டம் கொடுக்க மாட்டார்கள். அந்தக் கூத்தைக் கட்டிப் பார்த்ததால் மட்டுமே தெரியவந்தது என்ன, அதை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்துகிற அளவுக்கு விளக்கியிருக்கிறீர்களா என்று கேட்பார்கள். நூலகத்தில் உட்கார்ந்தோ நாலு பேரைப் பேட்டி கண்டோ கண்டுபிடிக்க முடிகிற விஷயம் என்றால், அதற்கு எதற்குக் கூத்து என்று நேராகவே கேட்டுவிடுவார்கள். அப்படிக் கேட்பது நியாயமும்தான்.

இது நேற்று முளைத்த படிப்பு இல்லை. ஆஸ்திரேலியாவில் வொல்லொங்கொங் பல்கலைக்கழகம் 1980-களிலேயே படைப்புக் கலைகளில் முனைவர் பட்டம் தர ஆரம்பித்துவிட்டது. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் இருந்த கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் 1993-ல் ஒரு சின்னக் கட்டுரையில் கலையைப் பற்றிய ஆய்வு, கலை வழியாகச் செய்யும் ஆய்வு, கலைக்காகச் செய்யும் ஆய்வு என்று மூன்றாகப் பிரித்தார். இந்தத் துறையில் இன்றைக்கும் எல்லோரும் அங்கிருந்துதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். 2006-ல் சிட்னியில் லிண்டா கேண்டி இன்னொரு கோடு போட்டார், உங்களுக்கு அதுதான் முக்கியம். புதிதாகக் கிடைத்த அறிவு படைப்பையே அடிப்படையாகக் கொண்டு நிற்கிறது, படைப்பைப் பார்க்காமல் ஆய்வேட்டை முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது என்றால் அது ஒரு வகை. கலைஞர் வேலை செய்கிற விதத்தைப் பற்றிய புரிதல்தான் பலன், அதை எழுத்திலேயே முழுதாகச் சொல்லிவிடலாம் என்றால் அது வேறு வகை. முதல் வகையில் நீங்கள் கூத்தையும் சமர்ப்பிக்க வேண்டும், இரண்டாவதில் எழுத்து போதும். நெறியாளர் முதல் சந்திப்பிலேயே இதில் எது உங்களுடையது என்று கேட்பார், பதிலோடு போங்கள். நார்வேயில் 2018 முதல் கலை ஆய்வுக்கென்றே தனி முனைவர் பட்டம் இருக்கிறது, ஆகவே இது குறுக்கு வழி என்று ஊரில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

என் வேலையைச் சொன்னால் இன்னும் தெளிவாகப் புரியும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் ரப்பர் போய் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, வந்து வெகுகாலமாகிவிட்டது, இருந்தாலும் சில சிறுதோட்டங்களில் பழைய ரப்பர் மரங்கள் இன்னும் நிற்கின்றன. பால் வெட்டு எவ்வளவு நுணுக்கமான வேலை என்பது இங்கே வரும்வரை எனக்குத் தெரியாது. வெட்டு இடது மேலிருந்து வலது கீழாகச் சரிய வேண்டும், ஏனென்றால் பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக ஓடாமல் சற்றே சாய்ந்து ஓடுகின்றன, அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஒரு தடவைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பட்டையைச் சீவலாம். உள்ளே மரத்தை ஒட்டியிருக்கிற வளர்படலத்தைத் தொடாமல், ஒரு மில்லிமீட்டர் சொச்சம் மிச்சம் வைத்துக் கத்தி நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் மரம் காயப்பட்டு அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. இதை விடிவதற்கு முன்னால் இருட்டில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரை நிரையாக நூற்றுக்கணக்கான மரங்களில் செய்தார்கள். மரத்தைச் சாகடிக்காமல் திரும்பத் திரும்ப வெட்டும் முறையை 1890-களில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் இருந்த தாவரவியலாளர் ரிட்லி வகுத்தார் என்று எல்லா நூலிலும் இருக்கிறது. அந்த ஒரு மில்லிமீட்டரில் கத்தியை நிறுத்திய பெண்களைப் பற்றி நான் தேடிய இடங்களில் ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை, அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அந்த ஒரு மில்லிமீட்டர் கைக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் என் கேள்வி. பால் வெட்டி ஓய்ந்து இப்போது தாமானில், அதாவது பட்டணத்துக் குடியிருப்பில், மகன் வீட்டில், மகள் வீட்டில் இருக்கும் அம்மாக்களைப் போய்ப் பார்த்தேன். "பழக்கம்தாம்மா" என்பார்கள், பேச்சு அதோடு நின்றுவிடும். அப்புறம், அமோனியா கலந்து உறையாமல் வைத்த ரப்பர் பாலை அந்தப் பழைய வெட்டுத் தழும்பின் மேலேயே தூரிகையால் பல அடுக்குகளாகப் பூசி, நடுவில் மெல்லிய துணி வைத்து ஒட்டி, காய்ந்ததும் ஒரே தாளாக உரித்தெடுத்தேன். மரத்தில் பள்ளமாக இருந்ததெல்லாம் தாளில் மேடாக வந்துவிட்டது. அதை ஒரு பாட்டியம்மாவின் சாப்பாட்டு மேசையில் விரித்ததும், அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு விரலால் தடவ ஆரம்பித்தார். "இந்த எடத்துல ஆளு மாறியிருக்கு. இவளுக்குக் கை கனம். இங்க பாரு, மழ வருதுன்னு அவசரமா ஓட்டியிருக்கா. இது யாரோ புதுசா பழகுன புள்ள." பேட்டியில் வராத பேச்சு அன்றைக்கு மதியம் வரை நிற்கவே இல்லை. கத்தியை எந்தக் கோணத்தில் பிடித்தால் எங்கே அழுத்தம் விழும் என்று என் கையைப் பிடித்தே காட்டினார்.

அதே தாள்களை வேறு வேறு வீடுகளில், ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லாமல் காட்டினேன். எங்கே ஒத்துப்போனார்கள், எங்கே ஒருவர் சொன்னதற்கு நேர்மாறாக இன்னொருவர் அடித்துச் சொன்னார் என்பதுதான் என் ஆய்வேட்டின் நடு அத்தியாயம். பரிசோதகர்கள் வாய்மொழித் தேர்வில் தாள்களைத் தொட்டுப் பார்த்தார்கள், அதற்கு ஏற்பாடு செய்யும்படி நானே முன்கூட்டிக் கேட்டிருந்தேன். தாளை வார்த்திருக்காவிட்டால் அந்த அறிவு வெளியே வந்திருக்காது, அதைக் காட்ட முடிந்ததால்தான் அது ஆய்வாயிற்று.

இப்போது உங்கள் கூத்துக்கு வருவோம். தோட்டத்துத் தமிழர்களின் வரலாற்றைக் கூத்தாகச் சொல்லப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல கூத்தாக வரலாம், ஆனால் அதில் கேள்வி இல்லை. உங்களிடம் இருக்கிற விஷயத்திலிருந்தே ஒன்று எடுத்துத் தருகிறேன். உங்கள் பக்கத்தில் கூத்து விடிய விடிய நடக்கும். தோட்டத்தில் விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நிற்க வேண்டும், பேர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அன்றைய கூலி போச்சு. அப்படியானால் ராத்திரி முழுக்க ஆட வேண்டிய கூத்தை எங்கே சுருக்கியிருப்பார்கள்? இங்கே பெரட்டுக்களத்தில் கூத்து பார்த்ததாகச் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களையும் இளவட்டங்களையும் வைத்துக்கொண்டு கர்ண மோட்சத்தையோ அரவான் களப்பலியையோ இரண்டு மணி நேரத்துக்கு வெட்டிப் பாருங்கள். கோமாளி வேஷமான கட்டியக்காரனை விடலாம் என்று ஒருவர் சொல்வாரா, கர்ணன் மனைவி பொன்னுருவியின் தர்க்கத்தைத் தொடவே கூடாது என்று இன்னொருவர் சொல்வாரா, எந்த இடத்தில் யார் "அத வெட்டுனா கூத்தே இல்ல" என்று எழுந்து நிற்கிறார்? அதை ஒத்திகையில்தான் கண்டுபிடிக்க முடியும், வேறெங்கும் முடியாது. இந்த மாதிரி ஒரு கேள்வி கையில் இருந்தால் யாரும் உங்களை அசைக்க முடியாது.

அப்புறம் பதிவு. முதல் ஒத்திகையிலிருந்தே தேதி போட்டு எழுதி வையுங்கள்: இன்றைக்கு என்ன மாற்றினோம், யார் சொன்னார், ஏன் சம்மதித்தேன், ஏன் மறுத்தேன். வீடியோ மட்டும் போதாது, அதில் என்ன நடந்தது என்று தெரியும், ஏன் அப்படி முடிவெடுத்தீர்கள் என்று தெரியாது. இரண்டு வருஷம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதினால் எல்லாம் முன்பே திட்டமிட்டது போல அழகாக வந்து உட்கார்ந்துகொள்ளும், படிக்கிறவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும். எழுத்துப் பகுதி மற்ற முனைவர் பட்டங்களைவிடச் சுருக்கமாக இருக்கலாம், ஆனால் சுலபமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். நீங்களே ஆடியதைப் பற்றி நீங்களே தள்ளி நின்று எழுத வேண்டும், எனக்கு அதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. ஆய்வேடு பெரும்பாலும் ஆங்கிலத்திலோ மலாயிலோதான். கூத்துப் பாட்டுகளைத் தமிழிலேயே கொடுத்து விளக்கம் எழுத அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அனுமதிகள் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். மாணவர் விசா, வெளிநாட்டு மாணவர்களின் விண்ணப்பங்களைக் கவனிக்கும் ஈஎம்ஜிஎஸ் என்ற அமைப்பு வழியாகத்தான் வரும், வந்து இறங்கியதும் மருத்துவப் பரிசோதனை, பிறகு காலாவதி ஆவதற்கு முன் புதுப்பிக்க வேண்டும். வெளிநாட்டுக் கலைஞர்கள் பொது மேடையேற புஸ்பால் என்ற அமைப்பின் அனுமதி தேவைப்படும். உங்கள் கூத்து ஆய்வின் பகுதி என்றாலும் ஊர்மக்கள் முன்னால் ஆடப்போகிறீர்கள், ஆகவே பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் பிரிவில் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். கோயில் திருவிழாவில் காசு கொடுத்து ஆடக் கூப்பிட்டால் உடனே தலையாட்டிவிடாதீர்கள், மாணவர் விசாவில் அது வம்பில் கொண்டுபோய் விடும். ஆட்களோடு செய்யும் ஆய்வு என்பதால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் தயாரித்து, பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். நீங்கள் சேரும் படிப்பு மலேசியத் தகுதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம், இன்றைக்கே பாருங்கள். ஊருக்குத் திரும்பி வேலைக்குப் போகும்போது சமநிலைச் சான்றிதழ் கேட்பார்கள், அப்போது அது கை கொடுக்கும்.

ஊரைப் பற்றி. தஞ்சோங் மாலிம் பேராக் மாநிலத்தின் தெற்கு எல்லை, பெர்ணம் ஆற்றைத் தாண்டினால் சிலாங்கூர். 1922-ல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாக ஆரம்பித்த சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது, அதனால் பட்டணம் சின்னதாக இருந்தாலும் மாணவர் கூட்டத்துக்குக் குறைவில்லை. கோலாலம்பூரிலிருந்து கொமியூட்டர் ரயில் நேராக இங்கே வந்து நிற்கும். உள்ளே தோட்டங்களுக்குப் போக மட்டும் சொந்த வண்டி இல்லாமல் முடியாது. மழையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், பெரும்பாலும் சாயங்காலத்தில் கொட்டும், திறந்தவெளி ஒத்திகை என்றால் பக்கத்தில் கூரை உள்ள இடம் ஒன்று பார்த்து வையுங்கள்.

முன்மொழிவில் ஒன்றைத் திருத்த வேண்டும். தோட்டத்தில் இப்போது வேலை செய்கிறவர்களில் நிறையப் பேர் இந்தோனேசியா, வங்கதேசத்திலிருந்து வந்தவர்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வீடுகளில் இருந்த தமிழர்களில் பெரும்பாலோர் தாமான்களுக்கு வந்துவிட்டார்கள், பிள்ளைகள் தொழிற்சாலையிலும் லாரியிலும் அலுவலகத்திலும் வேலை பார்க்கிறார்கள். கோயில் மட்டும் பல இடங்களில் தோட்டத்திலேயே நிற்கிறது, திருவிழாவுக்கு எல்லோரும் கார் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்துவிடுவார்கள். ஆகவே யாரோடு, எங்கே, எப்போது என்று சரியாக எழுதுங்கள். இன்னொன்று, இவர்கள் மூன்று நான்கு தலைமுறையாக மலேசியர்கள். ஊரிலிருந்து கலை சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறார் என்ற தோரணை கொஞ்சம் தெரிந்தாலும் அடுத்த ஒத்திகைக்கு ஆள் வராது. உறுமி மேளம் அடிக்கிற பையன்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்கள் கையில் இருக்கும் தாளம் உங்கள் மத்தளக்காரருக்குத் தெரியாத தாளம், முதலில் அதைப் போய்க் கேளுங்கள். கூத்தில் ஊதுகிற முகவீணையை வாசிப்பவரை நான் இந்தப் பக்கம் பார்த்ததில்லை. நாதஸ்வரக்காரர்கள் உண்டு, அவர்களோடு கட்டினால் கூத்தின் குரல் எப்படி மாறுகிறது என்பதும் ஒரு அத்தியாயத்துக்குத் தாங்கும்.

இடத்தை உறுதி செய்வதற்கு முன் நெறியாளருக்கு மின்னஞ்சல் போட்டு மூன்று விஷயம் எழுத்தில் வாங்குங்கள்: கூத்துக்கும் ஆய்வேட்டுக்கும் மதிப்பீட்டில் என்ன பங்கு, வெளிப் பரிசோதகர் கூத்தை நேரில் பார்ப்பாரா இல்லை பதிவில் பார்ப்பாரா, அவரும் கலை செய்கிறவரா. நேரில் பார்ப்பார் என்றால் கூத்துத் தேதியை அவர் வரும் நாளோடு பொருத்த வேண்டும், கோயில் நிர்வாகத்திடம் மாதக்கணக்கில் முன்னதாகச் சொல்ல வேண்டும். பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள், இங்குள்ள கோயில் தலைவரிடம் நான் பேசி வைக்கிறேன்.