இரண்டு கடல்களும் ஒரு துடுப்பும்: கயாக் பற்றி வாசகர் கேள்விகள்

துடுப்புப் போட்டுச் செலுத்தும் ஒடுங்கிய சிறு படகான கயாக்கை ஓட்டுவது குறித்து மதுரையிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்திருக்கும் கடிதங்களில் ஒரு தயக்கம் பொதுவாக இருக்கிறது. கடல் இல்லாத ஊர்க்காரர்களுக்கு இது பொருந்துமா என்பதே அது. நம் வைகை, கண்மாய்களை நிரப்பியது போக எஞ்சிய தண்ணீரோடு ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆற்றங்கரை என்ற ஊருக்கருகே பாக் விரிகுடாவில் கலக்கிறது. ஆறு போகும் வழியில் நாமும் மூன்று மணி நேரம் பயணம் செய்தால் போதும். வந்தவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வருடத்தில் எந்த மாதங்கள் கயாக் ஓட்ட ஏற்றவை? எந்தக் கரைக்குப் போகலாம்?
*வங்கி ஊழியர், அண்ணா நகர், மதுரை*

நீங்கள் மாதத்தை முதலில் கேட்டு, கரையை அடுத்துக் கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் இரண்டும் ஒரே கேள்விதான். ராமேசுவரத்துக்கு முன்னுள்ள மண்டபம் என்ற ஊரை நெருங்கும்போது நிலம் ஒரு நாக்கைப் போலக் குறுகிவிடுகிறது. வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் நடந்தே கடந்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. ராமேசுவரம் பகுதியில் வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வடகடலின் பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழமே கொண்டது. பெருங்கடலில் எழுந்து வரும் நீண்ட அலைகள் அங்கே அதிகம் எட்டுவதில்லை. தென்கடலோ பெருங்கடலை நோக்கித் திறந்து கிடப்பது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது தென்கடல் கொந்தளிக்கும். வடகரை நிலத்தின் மறைவில் அடங்கிக் கிடக்கும். அக்டோபர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரை வாடைக் காற்றில் நிலைமை தலைகீழாக மாறும். ஒரு கடல் சீறும் நாளில் மறு கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும் என்ற இந்த வசதி, ஒரே கடலைப் பார்த்து வாழும் சென்னைவாசிகளுக்குக் கிடைக்காத ஒன்று. புயல் சின்னம் உருவாகியிருக்கும் நாட்களில் மட்டும் இரண்டு பக்கமும் வேண்டாம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான காலைப் பொழுதுகளில் இரு கடல்களும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும் என்பதால், புதிதாகக் கற்பவர்களுக்கு அந்த மூன்று மாதங்களையே பரிந்துரைப்பேன்.

ஆனால் அமைதியாகத் தெரியும் கரையில் ஓர் ஆபத்து இருக்கிறது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதத்தில் மண்டபத்தின் வடகரையில் நீர் கண்ணாடி போலக் கிடந்ததை நம்பி அரை கிலோமீட்டர் உள்ளே போனேன். திரும்பிப் பார்த்தபோதுதான், கரையோரம் நீர் தட்டையாக இருந்ததற்குக் காரணம் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசியதே என்பது புரிந்தது. அந்தக் காற்று என் முதுகில் பட்டுக்கொண்டிருந்ததால் அதன் வேகத்தை நான் உணரவே இல்லை. திரும்பும் வழியில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் துடுப்புப் போட்டும் கரை நெருங்கவில்லை. நாட்டுப்படகில் வந்த இருவர் கயிறு கட்டி இழுத்து வந்து விட்டார்கள். கற்றுக்குட்டி ஒருவரால் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் வேகத்தில்தான் கயாக்கைச் செலுத்த முடியும். 12 நாட் (கடலில் வேகத்தைச் சொல்லும் அலகு) காற்று என்பது மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர். அதை எதிர்த்துப் போகும்போது உங்கள் உழைப்பில் பெரும்பங்கு இருந்த இடத்திலேயே இருப்பதற்குச் செலவாகிவிடும்.

ஆகவே காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும் நாளில் இடுப்பளவு ஆழத்தைத் தாண்டாமல் கரையை ஒட்டியே போங்கள். முதல் பாதிப் பயணத்தைக் காற்றுக்கு எதிராக வைத்துக்கொண்டால், களைத்த பிறகு காற்றே உங்களைப் புறப்பட்ட இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும். 10 நாட் வேகத்துக்கு மேல் காற்று அறிவிக்கப்பட்டிருந்தால் புதியவர்கள் இறங்க வேண்டாம். இந்திய வானிலை ஆய்வு மையமும் ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் சேவை நிறுவனமும் நாள்தோறும் வெளியிடும் முன்னறிவிப்பை முந்தைய இரவே பார்த்துவிடுங்கள். வெயில் ஏறினால் கடற்காற்றும் எழும் என்பதால், விடியும்போது இறங்கி ஒன்பதரை மணிக்குள் கரையேறுவது என் வழக்கம்.

சிறு வயதிலிருந்து எங்கள் தோட்டத்துக் கிணற்றில் நீந்திப் பழகியவன் நான். அது போதுமா?
*கல்லூரி மாணவர், திருமங்கலம்*

கிணற்றில் பழகியவர்களுக்கு ஆழத்தைக் கண்டு பயம் இருக்காது, அது நல்ல தொடக்கம். ஆனால் கிணற்றில் நான்கு பக்கமும் பிடிக்கக் கல் இருக்கும். கடலில் உங்களுக்குப் பிடிமானம் உங்கள் கயாக் ஒன்றுதான். எனவே நீந்தும் திறமையைவிட, கவிழ்ந்தபின் மறுபடி ஏறும் பழக்கமே முக்கியம். முதல் நாளே மார்பளவு நீரில் வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகுங்கள். மேலே அமர்ந்து ஓட்டும் வகைக் கயாக்கில் இது எளிது. தலைகீழாகக் கிடக்கும் கயாக்கின் குறுக்கே கைநீட்டி மறு விளிம்பைப் பற்றி இழுத்து நிமிர்த்த வேண்டும். பிறகு கால்களை உதைத்து உடலை நீர்மட்டத்துக்குக் கிடையாகக் கொண்டுவந்து, வயிறு கயாக்கின் மேல் படியும்வரை ஏறிப் படுத்து, மெல்லப் புரண்டு, கடைசியாகக் கால்களை உள்ளே எடுக்க வேண்டும். கால்களைக் கீழே தொங்கவிட்டபடி கையால் எம்பி ஏற முயல்பவர்கள்தான் நான்கைந்து முறையில் களைத்துப்போகிறார்கள்.

லைஃப் ஜாக்கெட் இல்லாமல் எந்த நீச்சல் வீரரும் இறங்கக்கூடாது. அதன் பட்டைகளை இறுக்கிய பின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள்; காது வரை வந்தால் அது உங்கள் அளவு அல்ல. கவிழ்ந்தால் கயாக்கை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தாதீர்கள். மிதக்கும் கயாக், தேடி வருபவர்களின் கண்ணுக்கு உங்கள் தலையைவிட வெகு எளிதாகத் தெரியும்.

வெயிலில் உப்புத் தண்ணீரில் நனைந்துகொண்டு துடுப்புப் போடுவதில் அப்படி என்ன இன்பம்? என் மகன் விடுமுறைதோறும் கிளம்பிவிடுகிறான்.
*ஓய்வுபெற்ற ஆசிரியர், மேலூர்*

ஐயா, ஒரு விடியற்காலையை மட்டும் சொல்கிறேன். கயாக்கில் அமர்ந்திருப்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். அந்த உயரத்துக்குத் தொடுவானம் மூன்று கிலோமீட்டரில் முடிந்துவிடும். உலகம் அவ்வளவு சிறிதாகிவிடும்போது அருகில் இருப்பவை பெரிதாகின்றன. என்ஜின் ஓசை இல்லாததால் மீன்கூட்டம் நீரைக் கிழித்துத் துள்ளும் சலசலப்பும், துடுப்பிலிருந்து சொட்டும் நீரின் ஒலியும் தனித்தனியாகக் கேட்கும். பாக் விரிகுடாவின் ஆழமில்லாத பகுதியில் நீர் தெளிந்திருந்தால், அடியில் கடற்புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து நெல்வயல் போல அசைவது தெரியும். ஆவுளியா என்று இந்தக் கரையில் அழைக்கப்படும் கடற்பசுவின் உணவு அந்தப் புல்தான். பல ஆண்டுகள் போய்வந்தும் அதை நான் நேரில் கண்டதில்லை. அது மேய்ந்துபோகும் புல்வெளியின் மேல் ஓசையின்றி மிதக்க முடிவதே எனக்கு நிறைவாக இருக்கிறது. வலசை வரும் பருவத்தில் தனுஷ்கோடிப் பக்கத்து ஆழமற்ற நீரில் பூநாரைகள் நிற்பதையும் உங்கள் மகன் பார்த்திருக்கக்கூடும். அவற்றை நெருங்காமல் தூரத்திலேயே நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

கயாக்கை ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் கடல்நாய்த் தோலை மரச்சட்டத்தில் போர்த்தி உருவாக்கினார்கள். வேட்டை விலங்கு அறியாமல் நெருங்குவதற்காக அமைந்த அந்த ஓசையின்மைதான் இன்று நமக்குப் பொழுதுபோக்காகியிருக்கிறது.

கயாக்கில் போய் மன்னார் வளைகுடாத் தீவுகளில் இறங்கலாமா? தனுஷ்கோடி அரிச்சல்முனையிலிருந்து மணல்திட்டுகள் வரை போக முடியுமா?
*நண்பர்கள் மூவர், சிவகங்கை*

இரண்டுமே கூடாது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவில் அடங்கியவை. வனத்துறையின் அனுமதியின்றி அங்கே இறங்குவது குற்றம். மீனவர்கள் பார் என்று சொல்லும் பவளப்பாறைகள் அத்தீவுகளைச் சுற்றி ஆழமில்லாத நீரில் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டரே வளரும் பவளம், துடுப்பின் ஒரே குத்தில் உடைந்துபோகும்.

அரிச்சல்முனையில் இரு கடல்களின் நீரோட்டங்களும் மோதுவதால் கரையில் குளிப்பதே ஆபத்தானது. அதற்கப்பால் சிறிது தொலைவிலேயே 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி வகுக்கப்பட்ட இலங்கையுடனான கடல் எல்லை இருக்கிறது. பாம்பன் பாலத்தின் அடியில் உள்ள கால்வாயையும் தவிர்த்துவிடுங்கள். ஒடுக்கமான அந்த வழியில் நீரோட்டம் மிகக் கடுமையானது, படகுப் போக்குவரத்தும் உண்டு. உங்கள் மூவருக்கும் தொண்டிக்கருகே உள்ள காரங்காடு பொருத்தமாக இருக்கும். வனத்துறை ஊர்மக்களோடு சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலாவில் அலையாத்திக் காட்டின் நடுவே கயாக் ஓட்டலாம். காற்று அதிகம் புகாத அந்தக் கால்வாய்களில் முதல் துடுப்பைப் போட்டுவிட்டு, கடலைப் பிறகு யோசியுங்கள்.

இணையத்தில் மலிவான காற்றடைத்த கயாக் கிடைக்கிறது. வாங்கலாமா?
*வாசகர், திண்டுக்கல்*

கடலுக்கு வேண்டாம். எடை குறைவான, நீருக்கு மேல் உயர்ந்து நிற்கும் பொருளைக் காற்று எளிதில் அடித்துக்கொண்டு போகும். முதல் பத்துப் பயணங்களை வாடகைக் கயாக்கில் முடித்துவிட்டு வாங்குவதைப் பற்றி எழுதுங்கள்.

ஒரு மணி நேரம் ஓட்டினாலே தோளும் மணிக்கட்டும் வலிக்கின்றன. உடற்பயிற்சி குறைவா?
*வாசகி, உசிலம்பட்டி*

உடற்பயிற்சியில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் கையால் இழுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். துடுப்பு நீரில் நுழையும் பக்கத்துத் தோள் முன்னே வரும்படி இடுப்பிலிருந்தே உடலைத் திருப்பி, நுழைந்தபின் உடலை எதிர்த்திசையில் திருப்பும் விசையால் கயாக்கை முன்னே செலுத்த வேண்டும். கை வெறும் கயிறு மாதிரி இருந்தால் போதும். தண்ணீர் சேந்தும்போது அனுபவப்பட்டவர்கள் தோளை வருத்தாமல் இடுப்பைக் கொடுத்து இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ அதே முறைதான். எந்தப் பக்கம் துடுப்புப் போடுகிறீர்களோ அந்தப் பக்கத்துக் காலால் மிதிகட்டையை அழுத்துங்கள். மணிக்கட்டு வலி பெரும்பாலும் துடுப்பை இறுக்கிப் பிடிப்பதால் வருவது. மேலே இருக்கும் கையின் விரல்களை ஒவ்வொரு முறையும் சற்றே விரித்துவிட்டால் குறையும். வீட்டில் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, ஒரு கம்பைப் பிடித்தபடி உடலைத் திருப்பும் பயிற்சியைத் தினமும் பத்து நிமிடம் செய்யலாம்.

மீனவர்கள் ஆட்சேபிப்பார்களா?
*வாசகர், பரமக்குடி*

கேட்டுவிட்டு இறங்குபவர்களை யாரும் தடுத்து நான் பார்த்ததில்லை. கரை அவர்களுடைய வேலையிடம் என்பதை நினைவில் வையுங்கள். கரைவலை இழுக்கும் நேரத்தில் அந்தப் பக்கமே போகக்கூடாது. வலையின் மிதப்புகள் வரிசையாகத் தெரிந்தால் குறுக்கே கடக்காமல் சுற்றிப் போக வேண்டும். அன்றைய காற்றையும் நீரோட்டத்தையும் அவர்களிடம் கேட்டால் எந்தச் செயலியும் தராத விவரம் கிடைக்கும். அவர்கள் வேண்டாம் என்றால் நான் அன்று இறங்குவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது என்பதால், உதவிக்கு வரக்கூடிய படகுகளும் அப்போது குறைவு. நீர்புகாத உறையில் கைபேசியை உடம்போடு கட்டிக்கொண்டு, கடலோரக் காவல் படையின் 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்களை முன்பே பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்?
*வாசகி, மதுரை தெற்கு வாசல்*

இரண்டு இட்லி போதும். வயிறு நிறைந்தால் குமட்டும். குடிநீர் மணிக்கு முக்கால் லிட்டராவது வேண்டும்; உப்புப் போட்ட நீராகாரம் இன்னும் நல்லது. முழுக்கைச் சட்டையும் கழுத்தை மறைக்கும் தொப்பியும் கட்டாயம்.

எனக்கு 58 வயது, முழங்கால் வலி உண்டு. கணவருடன் சேர்ந்து ஓட்ட ஆசை. முடியுமா?
*இல்லத்தரசி, எல்லீஸ் நகர், மதுரை*

முடியும் அம்மா. மேலே அமர்ந்து ஓட்டும் இருவர் கயாக்கைக் கேளுங்கள். அதில் முழங்காலை மடக்கி உள்ளே நுழைக்க வேண்டியதில்லை. முழங்கால் அளவு நீரில் அதன் குறுக்கே பக்கவாட்டில் உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துக்கொள்ளலாம். மிதிகட்டையை எட்டும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி அளவை மாற்றச் சொல்லுங்கள். முழுவதும் நீட்டி வைத்தால் முதுகும் வலிக்கும். முன்னிருக்கையில் நீங்கள் உட்காருங்கள். பின்னால் இருப்பவர்தான் திசையைத் திருப்புவார், ஆனால் துடுப்பின் தாளம் முன்னால் இருப்பவருடையது. அவர் உங்கள் வேகத்தைப் பார்த்துப் போட வேண்டும். மார்ச் மாதத்தில் காற்றில்லாத ஒரு காலையைத் தேர்ந்தெடுத்து, முதல் முறை அரை மணி நேரத்தோடு கரையேறிவிடுங்கள். மறுநாள் காலையில் முழங்கால் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், அடுத்த பயணத்தின் நேரத்தை அதற்கேற்ப முடிவு செய்யலாம்.